ஐயா, கையை நீட்டுங்க

வடிகஞ்சியில் முக்கிக் காயவைத்த நர்ஸ் யூனிஃபார்மை உதறினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும்...

அந்தச் சத்தம் கேட்டால் என் தங்கச்சி செல்வி லீவில் வந்திருக்கிறாள் என்று தெருவுக்கே தெரியும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடவுக்குப் போனவள். வீட்டுக்கே சேர்த்துப் படித்தவள் செல்விதான். தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு.

படிக்கிற காலத்தில் ஒரு தடவை லீவில் வந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள்.

வார்டில் ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜரிகை வேட்டி, கையில் மோதிரம். அவர் ஒரு செருமல் செருமினாராம். அவ்வளவுதான்... இவள் நாலடி தள்ளி நின்று, குனிந்து, தெர்மாமீட்டரை இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறாள். அவரும் பேனா என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டாராம்!

நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காதக்கா. அடுத்த வாரம் பிராக்டிகல். பேஷண்டத் தொடப் பயந்தா ஊருக்கே போயிடுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

பண்ணையார் வந்தால் வரப்பை விட்டு இறங்கி நின்று வளர்ந்த கால்கள் அவளுக்கு. புத்தகம் படித்தால் அது போய்விடுமா?

நல்லவேளை, எனக்கும் வேலை இல்லை. கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அறுப்பு என்று சங்கம் சொல்லிவிட்டது. வயலில் சிவப்புக் கொடி. ஊரே சும்மா உட்கார்ந்திருந்தது. செல்வி பயம் தெளிந்து பழகட்டும் என்று நான் பண்ணையார் ஆகிவிட்டேன்!

வயிற்றில் தலையணை, தோளில் ஜமுக்காளம், கயிற்றுக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு படுத்தேன். செல்வி பக்கத்தில் வந்தால் போதும், "ஏய், யாரு மவ நீ? தள்ளி நில்லு!" என்று பண்ணையாரின் அதே குரலில் ஒரு அதட்டல். அவள் பின்வாங்கிவிடுவாள். இரண்டு நாளும் இதே கதை.

மூன்றாம் நாள் கொஞ்சம் சத்தமாகவே அதட்டிவிட்டேன். கொல்லைப் பக்கம் இருந்து உள்ளே வந்த அப்பா அப்படியே நின்றார். கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை இறக்கிவிட்டது. சங்கத்துக்குக் கொடி பிடிக்கிற மனுஷன்... பெற்ற மகள் போட்ட வேஷத்துக்குத் துண்டை இறக்கினார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

செல்விக்குத்தான் முகம் சிவந்தது. "துண்டத் தோள்ல போடுப்பா" என்றாள். விறுவிறுவென்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், வளையல் இரண்டு உடைந்தது.

"ஐயா, கையை நீட்டுங்க. நாடி பாக்கணும். பேசாம படுங்க."

"அடியே, வலிக்குதுடி!"

"பேசக் கூடாதுன்னேன்ல!"

அப்பா துண்டைப் போட்டுக்கொண்டு, "மவளே, அவ வாயில அந்தக் கண்ணாடிக் குச்சியையும் வையி. கொஞ்ச நேரமாச்சும் வீடு அமைதியா இருக்கும்" என்றார்.

பிராக்டிகலில் பாஸ். அறுப்புக் கூலியும் கேட்டதில் பாதி கூடியது. இரண்டு நல்ல சேதியும் ஒரே வாரத்தில். அப்பா காராபூந்தி வாங்கி வந்தார்.

இப்போது செல்வி திருவாரூரில் ஹெட் நர்ஸ். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். போன மாதம் அவள் ஆஸ்பத்திரிக்கே சர்க்கரை பார்க்கப் போனேன். சிரிப்பு மாறாத ஒரு டிரெய்னிங் பெண் கட்டில் கட்டிலாகப் போய், "தாத்தா, கையக் குடுங்க" என்று பிரஷர் பார்த்துக்கொண்டு வந்தாள். யார் வீடு, எந்தத் தெரு, ஒன்றும் கேட்கவில்லை. பேரை மட்டும் கேட்டு எழுதினாள்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இருந்திருந்தால் அவரையும் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கலாம்...

"என்னக்கா அப்படிப் பாக்குற? இதுல பாக்க என்ன இருக்கு?" என்றாள் செல்வி.

கேட்டுவிட்டு, அவளும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.