எண்பத்தைந்து டிகிரியில் பன்னிரண்டு நிமிடம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் பன்னெண்டு. வைத்தவர் மேலாளர். சூட்டுப்பெட்டிக்குள் சிப்பை வைத்து, பெட்டியின் முகப்பில் எண்பத்தைந்து டிகிரி என்று எண் வந்த பிறகும் அவர் பன்னிரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம்தான் அளவெடுப்பார்.

"பன்னெண்டு தவத்துல இருக்காரு, யாரும் கலைச்சிடாதீங்க" என்பார் மேலாளர். பதவி உயர்வுக்குக் காத்திருந்த வாய்களெல்லாம் சிரிக்கும்.

"பெட்டி சூடாகறது வேற, சிப்பு சூடாகறது வேற" என்பார் அவர். பத்தொன்பது வருடமாக இதே பதில். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அவர் வேலை மின்சார மீட்டர்களுக்கான சிப்புகளைச் சோதிப்பது. ஒரே சிலிக்கான் தட்டில் விளைந்த சிப்புகள்கூட ஒன்றுபோல் ஓடுவதில்லை. நடுவில் இருந்தது ஒரு வேகம், ஓரத்தில் இருந்தது வேறு வேகம். மின்னழுத்தம் இறங்கினால், சிப்புக்கு நேரம் காட்டும் துடிப்பு ஒரு பக்கம் இழுக்கும், வெயில் ஏறினால் இன்னொரு பக்கம். இந்த இழுப்பை ஈடுகட்டத்தான் சிப்புக்குள் திருத்த எண் எழுதுகிறார்கள். எழுதினால் எழுதியதுதான், அழிக்க வழியில்லை. வெப்பத்துக்கான எண்ணை அவர்தான் கணக்கிட்டுத் தருவார். இருபத்தைந்து டிகிரியில் ஓர் அளவு, எண்பத்தைந்தில் ஓர் அளவு. இரண்டுக்கும் இடையில் துடிப்பு எவ்வளவு பிசகுகிறதோ, அவ்வளவு திருத்தம்.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "நீங்க எடுக்கறதுக்குள்ள காய்ச்சலே சலிச்சுப்போய்க் கிளம்பிடும்" என்பாள் அம்மா. மகள் வளர்ந்து, வேறொரு நிறுவனத்தில் சிப் வடிவமைக்கப் போனாள். எந்தச் சூட்டிலும் தன் சிப் பிசகாது என்று கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெருமையடித்தாள்.

"கம்ப்யூட்டர்ல எல்லாச் சிப்பும் நல்ல பிள்ளைதாம்மா" என்றார்.

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம் அது.

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனவர் நான்காம் நாள் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து மேலாளர் மகளைக் கூப்பிட்டார். அலமாரியில் இருக்கும் அப்பாவின் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம், வரும்போது அவருடைய குறிப்பேட்டைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டார். குரலில் தேன் ஒழுகியது.

போனால் அறையில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி, மீட்டர் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வாளர். இன்னொருவன் மேலாளரின் அக்கா மகன். முப்பது வயது, பொறியாளர் என்று அட்டை தொங்கவிட்டிருந்தான். ஆய்வுக்கூடமே அவனை மருமகப்பிள்ளை என்றுதான் கூப்பிடும்.

வெயில் படும் சுவர்களில் மாட்டிய மீட்டர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்திருந்தன, எல்லாவற்றிலும் ஒரே தொகுதிச் சிப்புகள். சூடேறினால் துடிப்பு பிசகி, அளந்த கணக்கை அலுவலகத்துக்குச் செய்தியாக அனுப்புவதை நிறுத்திவிடுகின்றனவாம்.

"அப்பா தங்கமான மனுஷர்மா" என்றார் மேலாளர். "ஆனா கடைசி நாள்ல உடம்பு சரியில்ல பாரு. எங்கயோ கை தவறியிருக்கு. அந்தத் தொகுதிக்கு எண் போட்டது அவர்தான். அறிக்கையில அவர் பேரு இருக்கு. யாரையும் குத்தம் சொல்லல. குறிப்பேட்டைக் குடுத்துட்டா இதோட முடிச்சுக்கலாம்."

செத்தவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்ற தைரியம் அது. பத்தொன்பது வருட வேலையை ஒரு கைதவறலில் சுருட்டி மூலையில் எறிய அந்த ஆளுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

அவள் குறிப்பேட்டைக் கொடுக்கவில்லை. சோதனைக் கணினியின் பதிவைக் கேட்டாள். அந்தக் கணினி காலையிலிருந்து மாலைவரை அப்பாவின் பெயரிலேயே திறந்துகிடக்கும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். பெயரை அவள் பார்க்கவில்லை, நேரத்தைப் பார்த்தாள். பெட்டி எண்பத்தைந்தைத் தொட்ட நேரம், அளவெடுத்த நேரம். இடையில் நாற்பது விநாடி. அதற்கு முந்தைய தொகுதிகளில், எத்தனை பக்கம் நகர்த்தினாலும், பன்னிரண்டு நிமிடம்.

"இது எங்க அப்பா எடுத்த அளவு இல்ல."

"நேரத்தை வெச்சு அப்படிச் சொல்லிட முடியுமா? அன்னைக்கு அவசரமா இருந்திருப்பார்" என்றான் மருமகப்பிள்ளை. "பெட்டிதான் எண்பத்தஞ்சு காட்டுதே. அப்புறம் எதுக்குக் காத்துக்கிடக்கணும்?"

பொறியாளராம்.

"அந்தத் தொகுதியில திருத்த எண் எழுதாத சிப்பு ஒண்ணை உள்ள வைங்க" என்றாள் அவள். "பார்த்துடலாம்."

மேலாளர் ஏதோ கூட்டம் இருப்பதாக எழுந்தார். "நான் பார்க்கணும். நீங்களும் இருங்க" என்றாள் ஆய்வாளர். அவர் உட்கார்ந்தார்.

இருபத்தைந்து டிகிரியில் முதல் அளவை எடுத்துவிட்டு, பெட்டி எண்பத்தைந்தைத் தொட்ட நாற்பதாவது விநாடியில் அடுத்த அளவை எடுத்தாள். அறிக்கையில் இருந்த அதே பிசகு.

பிறகு காத்திருந்தார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைத் திருகினார், தொண்டையைக் கனைத்தார், கைபேசியை எடுத்து வைத்தார். பன்னிரண்டு நிமிடம் சும்மா உட்காரத் துப்பில்லாத ஆள் பத்தொன்பது வருடம் அதைக் கிண்டல் செய்திருக்கிறார்.

அவளுக்கு மருத்துவமனை நினைவுக்கு வந்தது. திரையில் கோடு படுத்ததுமே எல்லாம் முடிந்தது என்று வயர்களைக் கழற்றினார்கள். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. திரையில் வருவது வேறு, உள்ளே நடப்பது வேறு. அவள் அந்தக் கையை விடவில்லை.

பன்னிரண்டு நிமிடத்துக்கு வைத்த மணி அடித்தது. அளவெடுத்தாள். பிசகு இரண்டு மடங்கு. தேவையான திருத்தத்தில் பாதியைத்தான் எழுதியிருந்தார்கள்.

ஆய்வாளர் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டாள். "நாற்பது விநாடியில் எடுத்தது யாரு?"

மேலாளர் மருமகப்பிள்ளையைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். மருமகப்பிள்ளை தன் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

"மனிதத் தவறுன்னு போட்டுக்கலாமே" என்றார் மேலாளர். "யார் பேரும் வேண்டாம்."

"ஒரு பேரு ஏற்கெனவே இருக்கே" என்றாள் மகள். "அதை முதல்ல அடிங்க. இவங்க முன்னாடி."

மேலாளர் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார். ஆய்வாளர் தன் பேனாவை நீட்டினாள். அடித்தார். கோடு கோணலாகப் போனது.

"போதுமாம்மா?" என்று எழுந்தார்.

அவள் பெட்டியைத் திறந்தாள். சூடு முகத்தில் அடித்தது.

"இது தட்டோட நடுவுல இருந்த சிப்பு. ஓரத்துல இருந்து இன்னும் ரெண்டு பார்க்கணும். எங்க அப்பா மூணு பார்க்காம எதையும் எழுதினதில்ல" என்றாள். "உட்காருங்க சார்."