இங்கிலாந்தில் விழுந்த கள்ள ஓட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழலில் பாத்திரக்கடை வைத்திருந்த என் தாய்மாமாவுக்குத் தொழில்கள் இரண்டு. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று மனத்துக்கு. தேர்தல் வந்துவிட்டால் கடையை அடைத்துவிட்டு, எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் வாக்குச்சாவடியில் பூத் ஏஜென்டாகப் போய் அமர்ந்துவிடுவார். வாக்காளர் பட்டியலை வேதாகமத்தைப்போல் மடியில் விரித்துவைத்து, வருகிறவரின் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கும்போது, உண்மையான வாக்காளர்களே தாங்கள் தாங்கள்தானா என்று ஒரு கணம் ஐயுற்றதுண்டு. இறந்துபோன ஒருவரின் பெயரில் ஓட்டுப்போட வந்த ஆளை, "அவருக்க அடக்கத்துக்கு நான் போயிருந்தேன், நீரு வந்தீரா?" என்று கேட்டே திருப்பி அனுப்பியவர் அவர். களவு, கொலை முதலிய குற்றங்களுக்கெல்லாம் அவரிடம் ஏதோ ஒருவகை மன்னிப்பு உண்டு. கள்ள ஓட்டுக்கு மட்டும் இல்லை.

அப்படிப்பட்டவருடைய கடைசித் தங்கைதான் என் சித்தி. இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருந்தார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் கிறிஸ்துமசுக்கு முன்பாகவே விடுப்பில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அன்று வியாழக்கிழமை. மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கடைத்தெருவில் தண்ணீர் தேங்கியதால் மாமாவும் கடை திறக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். புட்டும் பயறும் பப்படமும் பரிமாறப்பட்ட அந்தக் காலைப்பொழுதில், சித்தி மிகச் சாதாரணமாக ஒரு செய்தியைச் சொன்னார்.

"இண்ணைக்கு அங்க எலக்சனாக்கும். எனக்க முதல் ஓட்டு."

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. ஒரு காலத்தில் அவர்கள் நம்மை ஆண்டார்கள். இப்போது நம் சித்தி அவர்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார் என்று நான் பூரித்துப்போனேன். மாமாவின் ஐயமோ வேறு திசையில் சென்றது.

"நீ இங்க இருந்தில்லா புட்டு திங்குத? அங்க ஓட்டு யாரு போடுவா?"

"எனக்க கூட வேல பாக்குத பொண்ணு ஒருத்தி. அவதான் எனக்கப் பகரம் போடுவாண்ணு எழுதிக் குடுத்துட்டுதான் வந்தேன். அவளுக்க ஓட்டப் போட்டுட்டு எனக்க ஓட்டையும் போடுவா."

மாமாவின் கையிலிருந்த பப்படம் நொறுங்கியது.

"ஏட்டி! ஒருத்தி ரெண்டு ஓட்டா? அதுக்குப் பேரு என்ன தெரியுமா? கள்ள ஓட்டு!"

"அங்க சட்டத்துலயே அதுக்கு எடம் உண்டு அண்ணா."

"சட்டம் கெடக்கட்டு. எனக்க தங்கச்சி பேருல வேற ஒருத்தி ஓட்டுப் போட்டாண்ணு தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு பூத்துல போயி இருப்பேன்? இப்பமே போனப் போட்டு வேண்டாம்ணு சொல்லு."

அங்கே வாக்குப்பதிவு தொடங்கும்போது இங்கே மணி பன்னிரண்டரை ஆகும். தோழி, வேலைக்குப் போகும் வழியில் முதல் ஆளாகப் போடுவதாகச் சொல்லியிருந்தாள். இடையே இருந்தது மூன்று மணி நேரம்.

சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு முப்பத்திரண்டு வயசாச்சு. ஒருதரம்கூட ஓட்டுப் போட்டதில்ல. இங்க இருந்த பேரையும் நீங்கதானே வெட்டுனிய?"

அது உண்மை. பெங்களூரில் படிப்பு, பின்பு சவூதி, பின்பு இங்கிலாந்து என்று சித்தி ஊரிலிராத ஆண்டுகளில், பட்டியல் சரிபார்க்க வந்த அலுவலரிடம், "இவ இங்க இல்ல, எடுத்துருங்க" என்று தாமாகவே முன்வந்து சொன்னவர் மாமா. அவருடைய நேர்மைக்குத் தங்கையென்றும் தெரியாது, தாயென்றும் தெரியாது.

"ஊர்ல இல்லாத ஆளுக்க பேரு லிஸ்டுல கெடந்தா கள்ள ஓட்டுக்கு வழியாவும்லா?" என்றார் மாமா, சற்றே குரல் தாழ்த்தி.

அண்ணன் சொல்லைத் தட்டிய பழக்கம் சித்திக்கு இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து கைப்பேசியை எடுத்தார். தோழியின் பெயரைத் தேடிய விரல், பெயர் கிடைத்த பின்பும் அழுத்தாமல் நின்றது.

நான் எழுந்தேன். வட்டார அளவிலான பேச்சுப் போட்டியில் முதற்பரிசாக ஓர் எவர்சில்வர் தூக்குப்பாத்திரம் வென்று அப்போது இரண்டு வாரமே ஆகியிருந்தது. நாற்காலியின்மேல் ஏறி நின்று, அம்மாவை நோக்கிக் கைநீட்டி, "நடுவர் அவர்களே!" என்று தொடங்கினேன்.

"எச்சிக் கையக் கழுவிட்டுப் பேசுட்டி" என்பதே நடுவரின் முதல் தீர்ப்பு.

கழுவிவிட்டு வந்து மீண்டும் ஏறினேன். "நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிசாசின் செயல்களை விட்டுவிடுகிறாயா என்று போதகர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது, பேச்சு இல்லை. என் சார்பில் எழுந்து நின்று 'விட்டுவிடுகிறேன்' என்றவர் யார்? அதோ, நொறுங்கிய பப்படத்தோடு வீற்றிருக்கும் என் ஞானத்தகப்பனாராகிய மாமா! ஒருவருக்காக இன்னொருவர் சொல்வது கள்ளம் என்றால், என் ஞானஸ்நானமும் கள்ள ஞானஸ்நானமே. நான் இன்றுவரை பிசாசை விடவில்லை என்றே பொருள். மாமா இதற்கு உடன்படுகிறாரா?"

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை தரையில் விழுந்தது. கேள்வி கேட்டே பழகிய மாமா, தம் ஆயுளில் அன்றுதான் பதில் சொல்ல வேண்டிய பக்கம் நின்று பார்த்தார்.

"பிள்ள கேக்குதது நியாயந்தான்" என்றார் கடைசியில். "போடட்டு. ஆனா ஒழுங்கா விழணும். அத நான் பாத்துக்கிடுகேன்."

பன்னிரண்டரை மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு சித்தியின் கைப்பேசி முன்னால் வந்து அமர்ந்தார். சற்று நேரத்தில் தோழி படத்தோடு அழைத்தாள். அவளுக்குப் பின்னால் விடியாத தெருவும், அங்கும் ஒரு மழையும் தெரிந்தன. மாமா கேட்கக் கேட்கச் சித்தி ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னார்.

"ஐடி கேட்டானா?"

"கேக்கலியாம்."

"ஏஜென்டு இருந்தானா?"

"உள்ள வயசான பொம்பளைய ரெண்டு பேரு இருந்து சாயா குடிச்சாவளாம். வேற யாரும் இல்லியாம்."

"கர்த்தாவே! விரலக் காட்டச் சொல்லு."

தோழி கம்பளிக் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். விரல் பளிச்சென்று இருந்தது.

"மையே வைக்கலியே! பின்ன ஓட்டுச் சீட்டுல எத வச்சு அடையாளம் போட்டா?"

"பென்சில்ல."

மாமா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "பென்சிலா? அழிச்சா போச்சேட்டி!"

அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தோழி அங்கிருந்து கவலையோடு விசாரித்தாள். ஜெபம் செய்கிறார் என்று சித்தி சொல்லிவைத்தார்.

உண்மையான அதிர்ச்சி அதன் பிறகுதான் வந்தது. தோழி தன் ஓட்டை நீலக் கட்சிக்குப் போட்டாளாம். சித்தியின் ஓட்டு, அவர் சொல்லிவிட்டு வந்தபடி, சிவப்புக் கட்சிக்கு.

"எதிர்க்கட்சிக்காரி கையிலயா குடுத்துட்டு வந்த?"

"அவ சொன்னா செய்வா அண்ணா. டூட்டி மாறும்போ எனக்க நோயாளிகள அவளுக்க கையிலதான விட்டுட்டு வாறேன்? அதவிடவா ஓட்டு பெருசு?"

மாமாவுக்கு அது பெரிதுதான். அன்று முழுவதும் தாழ்வாரத்து நட்சத்திர விளக்கின் கீழ் நடந்துகொண்டே இருந்தார். நானோ, என் சொற்பெருக்கால் போய்ச் சேர்ந்த ஓட்டு ஒரு நாட்டையே வென்றுவிடும் என்ற நிச்சயத்தில் இருந்தேன். ஆயினும் நல்ல பேச்சாளர் இரு பக்கமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதால், வெற்றிக்கு ஓர் உரையும் தோல்விக்கு ஓர் உரையும் அன்று மாலையே எழுதிவைத்தேன்.

மறுநாள் காலையில், பள்ளி வண்டி வருவதற்கு முன்பே, எல்லாம் தெரிந்துவிட்டது. நீலக் கட்சி நாட்டையே அள்ளிக்கொண்டு போயிருந்தது. சித்தியின் தொகுதியிலும் சிவப்பு வேட்பாளர் ஆயிரக்கணக்கான ஓட்டில் தோற்றிருந்தார். மருத்துவமனை நண்பர்களின் வாட்ஸ்அப் செய்திகளைச் சித்தி ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொன்னார். ஒருத்தி கேக் வாங்கி வந்திருக்கிறாளாம். இன்னொருத்தி நாட்டைவிட்டே போகப்போகிறாளாம். எல்லாத் தேர்தலுக்கும் அவள் அப்படித்தான் சொல்வாளாம். யார் வந்தாலும் இங்கே சூப் ஆறித்தான் வரும் என்று வார்டில் ஒரு கிழவர் சொன்னாராம். தோழி மட்டும், தன் கட்சி வென்றதற்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ பேசி அனுப்பியிருந்தாள்.

தோல்வி உரையைக் கையில் எடுத்துக்கொண்டு சித்தியின் அருகே போனேன். அதில் மூன்று குறிப்புகளும் முடிவாக ஒரு வேண்டுகோளும் இருந்தன. சித்தி கைப்பேசித் திரையில் ஓர் எண்ணை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தோத்துல்லா போச்சு சித்தி?"

"ஆமா மக்கா, தோத்துட்டு. இது அவருக்கு விழுந்த ஓட்டு. கடைசில எட்டு இருக்கு பாத்தியா? நான் போடலேண்ணா இது ஏழாக்கும்."

மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நானறிய, ஓட்டு விஷயத்தில் அவர் ஒரு கேள்வியும் கேட்காமலிருந்தது அந்த ஒருமுறைதான்.

"எட்டுதான்" என்றார்.

ஆயிரக்கணக்கில் தோற்றவருக்கு எட்டு என்றால் என்ன, ஏழு என்றால் என்ன? கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற எனக்கு இருவர் மீதும் இரக்கமே உண்டாயிற்று. அவர்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்க, யாரும் கேளாத உரையைப் பையில் திணித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன்.