கேத்தலைப் பிடித்த கை

எங்கள் வீட்டுக் கேத்தலின் மூக்கு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஊற்றினால் தண்ணீர் கொஞ்சம் கோணலாகத்தான் விழும். அதில்தான் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்போம். அண்ணனுடைய கள்ளிச் செடியை வேறு சாடிக்கு மாற்றி வைத்த அன்று, நான் தண்ணீர் ஊற்றியதும் அதே கேத்தலால்தான். இன்றும் அதைத் தூக்கும்போது ஒரு நொடி என் கை நின்றுவிடுகிறது.

அண்ணன் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கிளாக்கராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்துபோன பிறகு, ஹந்தானை மலையடிவாரத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கே நானும் வந்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், கடை மேசையில் இருந்த கள்ளிச் செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளங்கை உயரம்தான் இருக்கும், உடம்பெல்லாம் முள். மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கண் திறந்தால் பச்சைதான். வீட்டுக்குள் செடி வைத்து வளர்ப்பது எனக்குப் பெரிய கூத்தாகத் தெரிந்தது. "வீட்டுல ஒரு முள்ளு நான் இருக்கேனே, போதாதா அண்ணே?" என்றேன். "பேசாத முள்ளு ஒன்னும் இருந்துட்டுப் போகட்டும் பாப்பா" என்றார். செடியை அதன் மண் சாடியோடு யன்னலோரம் வைத்தார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். மழைக்காலத்தில் வாரக்கணக்காக அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்டமாட்டார். பாவம், பட்டினி போட்டு வளர்க்கிறார் என்று நான் முணுமுணுப்பேன்.

எனக்குச் செடி தெரியும் என்ற திமிர் அப்படி. படிப்பு முடிந்த கையோடு இரண்டு வருடம் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை செய்தவள் நான். பையில் மண் நிரப்பி, கன்றை நட்டு, சுற்றிலும் கட்டை விரலால் அழுத்தி, உடனே பூவாளியால் நனைக்க வேண்டும். நனைக்காமல் அடுத்த பைக்குப் போனால் கங்காணி கத்துவார். என் வரிசையில் கன்று பட்டுப்போனதே இல்லை என்று அவரே சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு காலை யன்னலைத் திறக்கப் போன அண்ணன் அப்படியே சரிந்து விழுந்தார். கூடவே சாடியும் விழுந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு முழுவதுமாகப் போயிற்று, ஆம் இல்லை என்று தலையாட்டவும் வரவில்லை. பாரிசவாதம் என்றார்கள். ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது எதையும் காட்ட அவருக்கு மிச்சம் இருந்தவை இடது கையும் இரண்டு கண்களும்தான்.

அன்றிலிருந்து அண்ணனுடைய வாய் நானானேன். முன்பும் வீட்டில் பேச்செல்லாம் என்னுடையதுதான், அதனால் எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. "அண்ணனுக்கு டீ வேணுமாம்." "அண்ணனுக்கு வெளிச்சம் கூசுதாம், யன்னலைச் சாத்தச் சொல்றாரு." பார்க்க வருகிறவர்கள் அவரிடம் கேட்பார்கள், நான் பதில் சொல்லுவேன். "நீங்க எப்படிங்க புரிஞ்சுக்கிறீங்க?" என்று ஆச்சரியப்படுவார்கள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா என்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை பிடிபடாது.

விழுந்த சாடி விளிம்பிலிருந்து அடிவரை வெடித்திருந்தது. அதைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி, பழைய இடத்திலேயே வைத்திருந்தேன். கதிரையில் உட்கார்த்தி வைத்தால் அண்ணன் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். சாடி மாற்றச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். பெரிய சாடியாக வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் சரிவில் கறுப்பு மண் வெட்டி, மாட்டெருவும் கலந்தேன். அவர் கண் முன்னாலேயே நடக்கட்டும் என்று கதிரைக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். இன்னொரு பேப்பரை மடித்துச் செடியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். முள் பேப்பரைத் துளைத்து விரலில் ஏறியது, கொஞ்சம் வேரும் அறுந்தது. பரவாயில்லை என்று குழியில் இறக்கி, சுற்றிலும் கட்டை விரலால் அழுத்தினேன். நாற்பது வருடம் கழித்தும் விரல் அந்த வேலையை மறக்கவில்லை. பிறகு ஆறின தண்ணீர் இருந்த கேத்தலை எடுத்தேன்.

அப்போதுதான் அண்ணனுடைய இடது கை வந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. அத்தனை பலம் அதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அண்ணன் தானே ஊத்தணுமாம்!" என்றேன். அறையில் வேறு யாருமில்லை. அந்தக் கைக்கு வேலை கொடுங்கள் என்று ஆசுபத்திரியில் பயிற்சி சொல்லித்தந்த பெண் சொல்லியிருந்தாள். அவர் கைமேல் என் கையை வைத்துச் சரித்தேன். கேத்தல் சரியவில்லை, மேலே இழுத்தது. கையில் நடுக்கம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். தண்ணீர் கோணலாக விழுந்து, மண் நனைந்து, அடித்துளையால் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். தன் செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றிய சந்தோஷம் என்று அன்று பார்க்க வந்த எல்லாரிடமும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் செடியின் அடி பழுப்பாகிக் கொழகொழத்தது. தொட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சாடியோடு தூக்கிக்கொண்டு பேராதனை வீதியோரத்தில் செடி விற்பவரிடம் போனேன். அவரும் மடுல்கெல்லத் தோட்டப் பக்கத்து ஆள். மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அக்கா, இது தேயிலக் கன்னு இல்லீங்க. வேரு அறுந்தா மொதல்ல அந்தக் காயம் காயணும். நட்டதும் பத்து நாளைக்குத் தண்ணியே காட்டக் கூடாது. நீங்களா வளத்தீங்க?"

"எங்க அண்ணன்."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. கேக்கலீங்களா?"

சாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் மடியில் சாடி இருந்தது. அந்தக் கை மேல்நோக்கி இழுத்த இழுப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான். அதையே பிடித்து ஊற்ற வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். "ஊத்த வேணாம்னுதானே புடிச்சீங்க அண்ணே?" என்றேன். என்னையே பார்த்தார். வழக்கமாக நானே ஒரு பதில் சொல்லியிருப்பேன். அன்று எதுவும் சொல்லத் துணிவு வரவில்லை. டீ வேணுமாம் என்று சொன்ன நாட்களில் அவருக்கு டீ வேண்டியிருந்ததா? யன்னலைச் சாத்தச் சொன்னாரா, திறக்கச் சொன்னாரா? எதுவும் எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் இருந்தார். பார்க்க வந்தவர்கள் "அண்ணன் என்னங்க சொல்றாரு?" என்று கேட்டால், "தெரியலீங்க" என்பேன். நான் களைத்துப்போய்விட்டேன் என்று நினைத்திருப்பார்கள். டீ கொண்டுபோய் அவர் வாயருகே பிடித்துக் காத்திருப்பேன். சில நாள் குடிப்பார், சில நாள் டீ ஆறிப்போகும்.

பெரிய சாடி யன்னலோரத்தில் மண்ணோடு அப்படியே இருக்கிறது. அதில் எதையும் நட எனக்கு மனம் வரவில்லை. இன்று காலையும் எனக்கு மட்டும் டீ போடக் கேத்தலைத் தூக்கினேன். கை நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் இழுக்கவில்லை. ஊற்றினேன்.