குமாகிச்சி திருடாத பட்டு

யோகொஹாமா துறையில் இறங்கிய சாமான்களில் பாதி, குமாகிச்சியின் முதுகில் ஏறித்தான் வெள்ளைக்காரர்களின் குன்றுக்குப் போயிற்று. ஒரு தடவை பியானோவைத் தனியாளாகத் தூக்கிப் போனார். பாதி மேட்டில் அதற்குள் இருந்த பூனை குட்டி போட்டுவிட்டது. மேலே போய் இறக்கியபோது குட்டிக்கும் சேதமில்லை, சுருதிக்கும் சேதமில்லை. மனிதர் முன்கோபி. ஆனால் அடுத்தவர் பொருளில் ஒரு நூலைத் தொட்டதில்லை. முதுகில் சுமைக்காரர் கூட்டத்தின் முத்திரை போட்ட நீல அங்கி. அது இல்லாதவனை நம்பி யாரும் ஒரு கட்டு முள்ளங்கிகூடத் தரமாட்டார்கள்.

அந்த அங்கியைத்தான் மோத்தோமாச்சித் தெருவில் பட்டப்பகலில் கழற்றச் சொன்னார்கள்.

கார்ட்ரைட் துரைசாணி கவுன் தைக்க இருபது கெஜம் பட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். கெஜத்துக்கு மூன்று அடி, ஆக அறுபது அடி. அவர்களுடைய அடியும் நம்முடைய நீள அளவான ஷாக்கும் அநேகமாக ஒன்றுதான் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். குன்றின் மேல் வீடுகள் எழும்பியதே அந்தக் கணக்கில்தான். ஆகவே துரைசாணி வீட்டுத் துபாஷி ஹயாமி, "அறுபது ஷாக்கு வரும்" என்று தையற்காரி ஒராகுவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தான். குமாகிச்சி மூட்டையை இறக்கினார். ஒராகு அளந்தாள். நாற்பத்தெட்டுக்கு மேல் மூன்று விரல்தான் வந்தது.

"பன்னெண்டு ஷாக்கு எங்கப்பா போச்சு? வழியில யாருக்குக் கவுன் தைக்கக் கொடுத்த?"

"வாயை அளந்து பேசு ஒராகு! முடிச்சைக்கூட நான் அவுக்கலை."

"என் கோல் பொய் சொல்லாது. எங்கம்மா காலத்துலேருந்து இந்தக் கோல்தான்."

அவள் போட்ட சத்தத்தில் தோஃபு விற்கிறவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றான். துபாஷி தொப்பியோடு வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை, சுமைக்காரர் தலைவரைக் கூட்டிவந்து, "இவன் திருடன். அங்கியை வாங்குங்க" என்றான். தலைவர் தரையைப் பார்த்தபடி கையை நீட்டினார்.

வெற்று முதுகோடு நின்ற குமாகிச்சிக்கு வந்த கோபத்தில் ஒரு பானை அரிசி வெந்திருக்கும். எதிர்வீட்டில் கூரை வேலை செய்துகொண்டிருந்த தச்சர் செங்கோரோவைப் பார்த்துக் கத்தினார்.

"ஆசாரி! இறங்கி வாய்யா! அவ கோலை நான் நம்பலை. உன் கோலால அள!"

செங்கோரோ கைத்தூசியைத் துடைத்துக்கொண்டு அளவுக்கோடு போட்ட இரும்பு மூலைமட்டத்தைப் பட்டின் மேல் வைத்து வைத்து நகர்ந்தார். தெருவே கூட எண்ணியது. அறுபது. அதற்கு மேலும் மூன்று விரல் மிச்சம்.

"பாத்தீங்களா! திருடன் கைக்காசு போட்டு மூணு விரல் கூட வெச்சிருக்கான்!"

"துணியைப் போய் தச்சுக்கோலால அளப்பாங்களா? வெக்கக்கேடு!" என்றாள் ஒராகு.

குமாகிச்சி அவள் கையிலிருந்த கோலை, துணிக்காரர்கள் திமிங்கிலக் கோல் என்று சொல்வதை, பிடுங்கி இரும்பின் பக்கத்தில் வைத்தார். துணிக்காரர்களின் ஷாக்கு தச்சர்களின் ஷாக்கைவிடக் கால்பங்கு நீளம். இது அந்தத் தெருவில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே எந்த ஷாக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் சொன்ன கணக்கைத் துபாஷி துணிக்குப் போட்டான். துணிக்கு வேறு கோல் உண்டா என்பதுபோல ஒராகு தன் கோலை எடுத்தாள்.

ஒராகுவின் முகம் சுருங்கியது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும், அண்ணே" என்று தரையில் நெற்றி பட வணங்கினாள்.

துபாஷி மட்டும் தலைவரிடமிருந்து அங்கியை வாங்கி மடித்து நீட்டி, "சரி சரி, ஏதோ சின்ன பிசகு. போட்டுக்க" என்றான்.

"சின்ன பிசகா? திருடன்னு சொல்றப்ப தெருக்கோடியில காசுக்குக் குளிக்கிற கடை வரைக்கும் கேட்டுச்சே. இப்ப மட்டும் தொண்டை கட்டிக்கிச்சா? அதே சத்தத்துல சொல்லு."

"இவர்... திருடலை."

"தோஃபுக்காரருக்கே கேக்கலை!"

"கேக்கலைங்க," என்றான் பக்கத்திலேயே நின்ற தோஃபுக்காரன், காதைக் குடைந்துகொண்டு.

"குமாகிச்சி திருடலை! தப்பு என்னுது!" என்று துபாஷி அலறினான். குளிக்கிற கடையிலிருந்து ஈரத்தலையோடு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

குமாகிச்சி அங்கியை அவன் கையிலிருந்து வாங்கவில்லை. தலைவரிடம் கொடுக்கச் சொல்லி, அவர் கையால் வாங்கி உதறிப் போட்டுக்கொண்டார்.

சேதி குன்றுக்குப் போனபோது துரைசாணி கேட்டது ஒன்றுதான்: சனிக்கிழமைக்குள் கவுன் வந்துவிடுமா? அதைக் கேள்விப்பட்ட குமாகிச்சிக்குக் கோபம் இரண்டாம் முறை பொங்கியது. கவுன் தைத்து முடித்த அன்று ஒராகு அவருக்கு ஆளனுப்பினாள். அவர் வந்தார், மூட்டையைத் தொடவில்லை. சுமைக்காரர் கூட்டத்தில் ஒருவனும் தொடவில்லை.

துபாஷி ஹயாமி, தொப்பி ஒரு பக்கம் சரிய, மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு தானே மேட்டில் ஏறினான். குமாகிச்சி கையை வீசிக்கொண்டு பின்னாலேயே போனார், வாசல் வரைக்கும்.

"உள்ள போறதுக்கு முன்னாடி அளந்துக்கோங்க துபாஷி," என்றார். "வழியில குறைஞ்சிருக்கப் போகுது."