தியேட்டர் மேசையின் திசை

ஹேர்னியா ஒப்பரேஷனுக்காகத் தியேட்டர் மேசையில் என்னைக் கிடத்திய அட்டெண்டன், முட்டை அடுக்குவதுபோல என்னை அடுக்கினார். குதிகாலுக்கடியில் ஒரு மெத்தைத்துண்டு, முழங்கைக்கு ஒன்று, தொடைக்குக் குறுக்கே பட்டி. ஒவ்வொன்றையும் வைத்து முடித்ததும், தலையணையைத் தட்டுவதுபோல என்னையும் ஒரு தட்டுத் தட்டுவார். முகமூடிக்கு மேலே கூட்டுப் புருவம் மட்டுமே தெரிந்தது.

எனக்கோ வேறு கவலை: தொழும் திசையான கிப்லாவுக்குக் கால் நீட்டிவிடக் கூடாதே. எழும்பப் பார்த்தேன்.

"தம்பி, கால் கிப்லாப் பக்கமா இரிக்கி?"

"இல்ல காக்கா, கடல் பக்கம்தான். ஆடாமக் கிடங்க."

கடல் கிழக்கே, கிப்லா மேற்கே. நிம்மதியாக மயங்கினேன்.

வார்டில் அடுத்த கட்டிலில் ஆலையடிவேம்புக்காரர் ஒருவர். அவருக்கும் அதே மேசைதான்.

"வடக்க தலை வைக்கப்படாதெண்டன். தெற்கதான் தலையெண்டு அந்தத் தம்பி சொன்னவர்" என்றார்.

தரையோடு பூட்டிய ஒரே மேசையில் எனக்குத் தலை மேற்கே, அவருக்குத் தெற்கே!

டிக்கட் வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று அட்டெண்டனை மறித்தேன்.

"உண்மையச் செல்லுங்க தம்பி, மேசை எந்தப் பக்கம்?"

சரிந்திருந்த என் தோளை நிமிர்த்தி, ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு பேரும் ஆடாமக் கிடந்தீங்கதானே?"

கோபப்பட நினைத்தேன். ஆனால் அவர் போய் மறையும்வரை ஆடாமல் நின்றுகொண்டிருந்தேன்.