வெயிலுக்கு வாயைத் திறந்த மூன்றாம் லைன்

1. வெள்ளை ஷூவில் சிவப்புப் பொட்டு

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். முதலுதவி அறைதான் என் ராஜ்ஜியம். ஊசி ஏறிய விரல், பசை வாடையில் வரும் தலைவலி, திங்கட்கிழமை மட்டும் வரும் வயிற்றுவலி, எல்லாவற்றுக்கும் என்னிடம் மருந்து உண்டு. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பும் உண்டு. அந்த நினைப்பால் நான் மானம் போய் நின்ற கதை இது. புதிதாகக் கம்பெனி நர்ஸாகப் போகிற பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கலாம், பரவாயில்லை.

ஒரு நாள் காலை மூன்றாம் லைன் சூப்பர்வைசர் ரஃபீக் பாய் ஒரு வெள்ளை அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, என் மேஜைமேல் போட்டார்.

“இன்னா சிஸ்டர் இது, நீங்களே பாருங்க.”

தையல் ஓரத்தில் கடுகளவு இளஞ்சிவப்புப் பொட்டு.

“நாலு நாளா வருது, ஒரே பேஜார். மார்க்கிங் பேனான்னு பாத்தேன், இல்ல. எவளோ பாக்கு போடறான்னு லைன் பூரா நாக்க நீட்டச் சொன்னேன். எல்லார் நாக்கும் சுத்தம். என் நாக்குதான் செவப்பா இருந்துச்சு.”

பொட்டின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. ரத்தம்! ஆனால் லைனில் யார் விரலிலும் காயமில்லை. நான் போய் லைனுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாதனூர் பக்கத்திலிருந்து வருகிற சரளா, அந்த லைனிலேயே கை சுத்தமான தையல்காரி, ஒரு தையலை முடித்தாள். குனிந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி, ட்ரிம்மர், மெஷின் பக்கத்தில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“அத எடுத்து வெட்டி திரும்பி வெக்கற நேரத்துல இன்னொரு ஜோடி தெச்சிடுவேன் சிஸ்டர்,” என்றாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது.

“பல்லு வெளக்கினா தெனம் ரத்தம் வரும். எல்லாருக்கும் வர்றதுதானேன்னு வுட்டுட்டேன்.”

ரஃபீக் பாய் தலையில் கை வைத்தார். “நம்ம ஷூவ வாங்கற வெளிநாட்டு பையர் வர்றதுக்கு ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள பொட்டு நிக்கலன்னா உன்ன பேக்கிங்ல போட்டுடுவேன்மா. எனக்கு வேற வழி தெரியல.”

சரளா அழுதுவிட்டாள். ஆறு வருடம் ஹெல்பராகப் பசை தடவி, பிசிறு வெட்டி, கெஞ்சிக் கூத்தாடி அந்த மெஷினில் உட்கார்ந்தவள். “அட்டப்பொட்டி மடிக்கவா சிஸ்டர் நான் தையல் கத்துக்கினேன்?” என்று கேட்டாள்.

2. ஊசிக்குப் பயந்த தையல்காரி

சாயங்காலமே ஆம்பூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் வாயைப் பார்த்துவிட்டு, “கறை கட்டி கல்லு மாதிரி இருக்கு, மொதல்ல சுத்தம் பண்ணணும்,” என்றார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“வெயில்ல எப்பம்மா நிப்பீங்க?”

“விடியறப்ப கம்பெனி பஸ்ஸு, இருட்டறப்ப திரும்பி பஸ்ஸு. ஞாயித்துக்கெழம துணி காயப்போடுவேன் டாக்டர். அப்பவும் துணிதான் காயும், நான் நெழலுக்கு ஓடிடுவேன். கறுத்துடுவேன்ல?”

டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். வெயில் பட்டு உடம்பில் உண்டாகிற வைட்டமின் டி குறைந்தால் சாப்பாட்டிலுள்ள கால்சியம் சரியாக உடம்பில் ஏறாது. பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு பலவீனமாகும், ஈறு வீக்கமும் சீக்கிரம் அடங்காமல் போகலாம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை, பல்லை ஒழுங்காக விளக்காமல் வைட்டமினை மட்டும் விழுங்கினால் ஈறு சரியாகாது.

ரத்தப் பரிசோதனை என்றதும் சரளா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நாளெல்லாம் ஊசியோடு பிழைக்கிறவளுக்கு ஊசி பயம்! அவளுக்குத் தைரியம் வர நானே முதலில் கை நீட்டி ரத்தம் கொடுத்தேன்.

அன்றைக்கே பல்லையும் சுத்தம் செய்து அனுப்பினார் டாக்டரம்மா. மறுநாளிலிருந்து சரளா ட்ரிம்மரை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

3. எந்தப் பக்கம் ஈரம்?

பையர் வருகிற நாள் காலையில்தான் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரு வழியாக என் கைக்கு வந்தன. சரளாவின் உறையைப் பிரித்தேன். வைட்டமின் டி ரொம்பக் கம்மி. என் உறையைப் பிரிக்காமல் டிராயரில் போட்டேன். எனக்கென்ன குறை?

லைனில் போய், பல் விளக்கினால் யாருக்கெல்லாம் ரத்தம் வருகிறது என்று கேட்டேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

“ஈறு நல்லா இருக்கணுமா? சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் கொஞ்சம் வெயில்ல காட்டுங்க!”

பெரிய சேவை செய்துவிட்ட நிறைவோடு அறைக்குப் போய் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தேன். இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை.

“சிஸ்டர்!” என்று மேனேஜர் அலறினார்.

எச்சில் கையோடு ஓடினேன். முற்றத்தில் மூன்றாம் லைன் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்து வாயை ஆவென்று திறந்திருந்தார்கள். சிலர் கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்திருந்தார்கள். வரிசைக் கடைசியில் ரஃபீக் பாய், பாக்குச் சிவப்பு வாயோடு.

எதிரே மேனேஜரும் வெள்ளைக்கார பையரும். தன்னை வரவேற்கப் பாடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பாட்டு எப்போது வரும் என்று சிரித்த முகமாகக் காத்திருந்தார். பாட்டு வரவில்லை. வாயும் மூடவில்லை.

“பாடித் தொலைங்கம்மா, எதையாவது!” என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

சரளாதான் ஆரம்பித்தாள். அவசரத்துக்கு அவள் வாயில் வந்தது தாலாட்டு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பட்டப்பகலில், கொதிக்கிற வெயிலில், ஆறடி உயர மனிதரை நாற்பது பெண்கள் தூங்க வைத்தார்கள். அவரும் கண்ணை மூடி ரசித்தார், முடிந்ததும் கைதட்டினார்.

மேனேஜருக்குப் பாதி உயிர் திரும்பியது. “பாட்டு சரி. அதுக்கு முன்னாடி வாயத் தொறந்துகினு ஏன் உக்காந்தீங்க?”

நான் ஏதாவது பொய் தேடிக்கொண்டிருந்தேன். சரளா எழுந்தாள்.

“என்னாலதான் சார். என் ஈறுல ரத்தம். நூல கடிச்சேன், வெள்ளையில பொட்டு வுழுந்துச்சு. ஈறுக்கு வெயில் காட்டச் சொன்னாங்க சிஸ்டர். எங்க மாமனார் தோல் பதனிடற ஷாப்புல தோல் காயப்போடறவரு. எந்தப் பக்கம் ஈரமோ அந்தப் பக்கத்ததான் வெயிலுக்குக் காட்டணும்னு சொல்வாரு. வாய்க்குள்ளதானே சார் ஈரம்?”

மேனேஜர் தோலிலேயே வளர்ந்தவர். கொஞ்சம் யோசித்தார். “ஞாயம்தான்,” என்றார்.

ரஃபீக் பாய் அப்போதுதான் வாயை மூடித் திறந்தார். “பொட்டு நின்னு ரெண்டு வாரம் ஆச்சு சார். ஒரு ஜோடிகூட ரிஜெக்ட் இல்ல. ட்ரிம்மர கழுத்துலயே மாட்டிக்கினு தெக்குது பொண்ணு.”

மேனேஜர் ட்ரிம்மரைப் பார்த்தார். “சரி, நீ மெஷின்லயே இரும்மா. அது கழுத்துலயே இருக்கட்டும்.”

சரளா அழுதாள், இந்த முறை சிரித்துக்கொண்டே. உண்மையைச் சொன்னால், அவளைக் காப்பாற்றியது பல் சுத்தம் செய்ததும் ட்ரிம்மரும்தான். வைட்டமின் மாத்திரையை அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

“வெயிலு கையில, கால்ல படணும்டி! வாயில இல்ல!” என்று நான் லைனைப் பார்த்துக் கத்தினேன்.

“அத மைக்குல சொல்லியிருக்கலாமே சிஸ்டர்,” என்றாள் சரளா. மருந்தோ வெயிலோ, எங்கே, எப்படி என்று சொல்லாமல் ஒருவரிடம் கொடுக்கக் கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த இருபதாவது வருடத்தில் கற்றேன்.

சரளாவை அறைக்குக் கூட்டிப்போய், ரிப்போர்ட்டோடு டாக்டரம்மா அனுப்பிய மாத்திரைச் சீட்டை எடுக்க டிராயரைத் திறந்தபோது என் உறை அவள் கண்ணில் பட்டது. கேட்காமலே பிரித்துவிட்டாள்.

“ஐயய்யோ சிஸ்டர், உங்க நம்பரு என்னுதவிட கம்மியா இருக்கே!”

வாங்கிப் பார்த்தேன். நிஜம்தான். அத்தனை வருடமும் ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தால் வேறென்ன இருக்கும்? சரளா என் கையைப் பிடித்துத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்துப்போய், லைன் மொத்தமும் பார்க்க நடுவில் உட்காரவைத்தாள். வெயிலில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எந்த நேரம் நல்லது என்று நான் எல்லோருக்கும் விளக்க ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் அப்புறம் சிஸ்டர்,” என்று என் கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள் சரளா. “இப்ப கைய நீட்டுங்க, வாய மூடுங்க.”