கண்ணாடியில் தெரிந்த ஈரத் தடம்

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் கணவர் அருளுக்கு வலது கண் போயிற்று. சர்க்கரை நோய். கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இடது கண்ணைக் காப்பாற்றினார்கள், வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. வேறு வேலையில் இருப்பவர் என்றால் ஒரு கண்ணை வைத்துச் சமாளித்திருப்பார். இவர் லாரி டிரைவர். பெங்களூர் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெஷின் பாகங்கள் ஏற்றிப் போகிறவர். ஒரு கண்ணோடு லாரி ஓட்டச் சட்டத்தில் இடமில்லை.

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஜெபத்தை நிறுத்தியே விட்டார். நான் முழங்காலில் நின்றால் எழுந்து வெளியே போய்விடுவார்.

என் பெயர் ஸ்டெல்லா. பெங்களூரில் காக்ஸ் டவுனில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். நான் ஒரு நர்சரி பள்ளியின் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் வாய் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டுவிடுவேன். ஞாயிறு பள்ளி டீச்சரே என்னைக் கண்டால் கும்பிடு போடுவார். ஆண்டவரையும் நான் விடவில்லை. கண்ணைத் திரும்பக் கொடும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். புத்தாண்டு ஆராதனையில் அழுது கேட்டேன். பதில் இல்லை. "ஏன் பதில் இல்லை? கேட்ட விதம் தப்பா? உமக்கு வேறு யோசனை இருக்கிறதா? இருந்தால் எனக்குச் சொன்னால் என்ன?" என்று சண்டை பிடித்தேன். அதற்கும் பதில் இல்லை.

ஜனவரியில் ஒருநாள் அருளின் முதலாளி பார்க்க வந்தார். நல்ல மனிதர், பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "அருளு, உன் வண்டியில வேற ஆள ஏத்த மனசு வரல. ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாதுப்பா" என்றார். அருள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்று, "சார், நான் ஓட்டினா?" என்று கேட்டுவிட்டேன்.

யோசித்துக் கேட்கவில்லை. வழக்கம்போல் வாயில் வந்துவிட்டது. முதலாளி சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஹெவி லைசென்ஸ் வேணும்மா. ஈஸ்டருக்குள்ள எடுத்துட்டு வா, வண்டி உனக்குத்தான்" என்றார். அவர் போனதும் அருள் என்னிடம், "உனக்குப் பைத்தியமா?" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அதுதான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வேன் லைசென்ஸ் இருந்ததால் கனரக வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். கிடைத்தது. ஈஸ்டருக்கு ஆறேழு வாரம் முன்னால், சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. அதை வைத்து ஒரு மாதம் பழகிய பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போகலாம். அத்திபெலேயில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நாகராஜண்ணா, கன்னடக்காரர். ஓசூர் பக்கத்து ஆட்களுக்கே சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துத் தமிழும் சரளம். கூடப் பழகியவர்கள் எல்லாரும் ஆண்கள். முதல் நாள் ஒருவர், "அக்கா, ஸ்கூட்டி கிளாஸ் அந்தப் பக்கம்" என்று வழிகாட்டினார். "அப்ப நீ அங்க போப்பா, இங்க இடம் பத்தல" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் எனக்கு டீ வாங்கிவைக்க ஆரம்பித்தார்கள்.

அந்த லாரியைப் பற்றி எனக்கிருந்த கேள்விகளுக்கு அளவில்லை. ஏர் பிரேக்கைப் பற்றி நாகராஜண்ணா சொன்னது இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. காற்றுதான் பிரேக்கைப் பிடிக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். நிறுத்தி வைக்கிற ஹேண்ட் பிரேக்குக்கு அது நேர்மாறாம். அங்கே ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது, காற்று ஏறினால்தான் விடுகிறது. காற்று எல்லாம் போய்விட்டால் வண்டி தானாக நின்றுவிடும். "இதை யார் சார் யோசிச்சாங்க? ஏன் இப்படி யோசிச்சாங்க?" என்று கேட்டேன். "மேடம், கேளுங்க, கேக்கறது தப்பில்ல. ஆனா மொதல்ல கிளட்ச்லேர்ந்து கால எடுங்க" என்றார். அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன், காலையிலிருந்து நான் அழவில்லை.

முன்னால் ஓட்டுவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் வரவில்லை. டெஸ்ட்டில் எஸ் மாதிரி வளைந்த பாதையில் உள்ளே போய், அதே வழியில் பின்னாலேயே வெளியே வர வேண்டும். ஓரக் கோட்டில் ஏறினால் ஃபெயில்.

ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு பொம்மசந்திரா குடோன் வளாகத்துக்குள்ளேயே வண்டியை எடுத்துப் பழக முதலாளி அனுமதித்தார். நான் கெஞ்சிக் கூத்தாடி அருளையும் கூட்டிப் போனேன். அவர் வண்டிக்குப் பின்னால் நின்று பாடியைத் தட்டுவார். லாரிக்காரர்கள் வழக்கம் அது. தொடர்ந்து தட்டினால் வரலாம், ஒரே ஒரு பலத்த அறை என்றால் நிறுத்து. "வரட்டும், வரட்டும்" என்று அவர் தட்டத் தட்ட நான் பின்னால் வருவேன். அந்தச் சத்தம் இருந்தால் எனக்குப் பயமே இல்லை. அவர் முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம், "உங்கம்மா ஸ்டியரிங்க மாவு பிசையற மாதிரி பிசையறா" என்று கேலி செய்தார். ஆண்டவருடைய யோசனை இதுதான் போலிருக்கிறது என்று நான் துள்ளினேன்.

மூன்றாவது ஞாயிறு. அவர் தட்டிக்கொண்டே இருந்தார், நான் வந்துகொண்டே இருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். பதறி இறங்கி ஓடினேன். வண்டியின் பின்பக்கம் குடோன் தூணில் இடித்து, சிமென்ட் பெயர்ந்து, பின்விளக்கு நொறுங்கிக் கிடந்தது. அருளுக்கு அடிபடவில்லை. பக்கவாட்டில் நின்றிருந்தார். கை இன்னும் தட்டுகிற மாதிரியே தூக்கியபடி இருந்தது.

"அவ்ளோ தூரம் இருந்துச்சே ஸ்டெல்லா. நான் பாத்தேன். இருந்துச்சு."

ஒரு கண்ணுக்குத் தூரம் சரியாகத் தெரியாது என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வெளியே ஊற்றுவதைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் லாரிக்குப் பின்னால் அவரை நிறுத்தும்போது அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. அவருக்கும் உறைக்கவில்லை. அந்த இடத்தில் அவர் பழைய அருளாகவே இருந்தார். அடுத்த ஞாயிறு வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். முதலாளி, "விளக்குதானே, விடும்மா" என்றார். என்னால் விட முடியவில்லை. ஆண்டவர் மேல் அவ்வளவு கோபம். கொஞ்சம் வெளிச்சம் காட்டிவிட்டு அதையும் பிடுங்கிக்கொள்வானேன்?

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை என் முதல் டெஸ்ட். டிராக்கில் கேமரா, சென்சார் எல்லாம் உண்டு. வண்டியில் நான் மட்டும். உள்ளே நன்றாகப் போய்விட்டேன். ரிவர்ஸ் கியரைப் போட்டதும் என் காது தட்டுகிற சத்தத்துக்குக் காத்திருக்கிறது. அங்கே யார் தட்டுவார்கள்? இரண்டாவது வளைவுக்கு முன்னாலேயே கோட்டில் ஏறினேன். பீப் என்று கத்தி, சிவப்பு விளக்கு எரிந்தது.

நாகராஜண்ணா திட்டவில்லை. "மேடம், நீங்க காதால ஓட்டறீங்க. சைடு கண்ணாடி எதுக்கு இருக்கு?" என்றார்.

மறு டெஸ்ட் ஒரு வாரம் கழித்து, பெரிய வியாழன் அன்று. மறுநாள் பெரிய வெள்ளி, விடுமுறை. பிறகு ஈஸ்டர். இதை விட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன். லாரி வளையும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். ரிவர்ஸில் அந்தப் பின்சக்கரத்தை வந்த வழிக்கே திருப்பிவிட வேண்டும். புத்திக்குப் புரிந்தது. கைக்கு வரவில்லை. ஒரு தடவை சரியாக வந்தால் மறுதடவை கோட்டில் ஏறியது.

புதன்கிழமை எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் எல்லாரும் எனக்காக ஜெபித்தார்கள். முக்கியமாக மழை வரக் கூடாது என்று ஜெபித்தார்கள், ஈரத்தில் வண்டி வழுக்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நான் எனக்குள்ளே இன்னொன்றும் கேட்டேன்: "ஆண்டவரே, பின்னால் நிற்க எனக்கு ஆளில்லை. வழி சொல்ல யாராவது வேண்டும். எப்படிச் செய்வீர் என்று எனக்குத் தெரியவில்லை, பார்க்க ஆசையாக இருக்கிறது."

வியாழக்கிழமை காலை டெஸ்ட் தொடங்குகிற நேரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தகரக் கூரைக்குக் கீழே நின்று நான் வானத்தைப் பார்த்து முறைத்தேன். இவ்வளவு பேர் கேட்டது இந்த ஒன்றைத்தானே?

கோடை மழை, சட்டென்று விட்டது. வெயிலும் சுள்ளென்று அடித்தது. கான்கிரீட் தரை கண்ணெதிரே காய்ந்தது. எஸ் பாதையின் வாசலில் மட்டும் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. முதல் ஆளாகப் போக யாருக்கும் மனமில்லை, இன்னும் காயட்டும் என்றார்கள். எனக்கோ பொறுமை போய்விட்டது. இன்ஸ்பெக்டர், "யார் ரெடி?" என்றதும் கையைத் தூக்கிவிட்டேன்.

பள்ளத்துத் தண்ணீரில் சளப்பென்று இறங்கி, உள்ளே போய், கடைசிவரை வந்து நிறுத்தினேன். ரிவர்ஸ் கியர். மெதுவாகப் பின்னால் விட்டேன். முதல் கொஞ்ச தூரம் எந்த உதவியும் இல்லை. கண்ணாடி, கோடு, நான், அவ்வளவுதான். அதைக் கடந்தேன்.

அப்போதுதான் கண்ணாடியில் அதைப் பார்த்தேன். காய்ந்த தரையில் கறுப்பாக ஒரு ஈரத் தடம். என் வண்டியின் டயர் தடம்தான். உள்ளே வரும்போது தண்ணீரில் நனைந்த டயர் வழியெல்லாம் பதித்துக்கொண்டு வந்திருக்கிறது. வளைவில் அது இரண்டாகப் பிரிந்து தெரிந்தது, வெளிப்பக்கம் முன்சக்கரம், உள்பக்கம் பின்சக்கரம். நாகராஜண்ணா வாயால் சொன்னதைத் தரையில் யாரோ வரைந்து வைத்திருந்தார்கள். பின்சக்கரத்தை உள்தடத்தின் மேல் வைத்தேன். வைத்தபடியே வந்தேன். வாசலை நெருங்க நெருங்கத் தடம் இன்னும் தெளிவாகிக்கொண்டே போனது. பீப் சத்தம் வரவில்லை. தண்ணீரில் சளப்பென்று மறுபடி இறங்கியபோதுதான் வெளியே வந்துவிட்டேன் என்றே தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். இன்ஸ்பெக்டர், "இறங்கும்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்றார்.

தண்ணீரில் போன டயர் தடம் பதிக்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? மழை அந்த நேரத்துக்கு ஏன் வந்தது, வெயில் ஏன் அடித்தது, முதல் ஆளாக நான் ஏன் கை தூக்கினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சாதாரணமான பதில் இருக்கிறது. ஆனால் எல்லாம் சேர்ந்து அன்று காலையில், எனக்காக, ஏன் என்றால் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் ஆண்டவர்தான். ஐக்கியத்தில் ஒரு சகோதரி, "நாம மழை வேணாம்னுதானே ஜெபம் பண்ணோம்?" என்று குறைப்பட்டுக்கொண்டார். "நல்லவேளை, அவர் நம்ம பேச்சக் கேக்கல" என்றேன்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லைசென்ஸ் கார்டு கைக்கு வந்த வாரமே வண்டியைக் கொடுத்தார். பகலில் மட்டும், ஓசூர் வரை மட்டும் என்று ஒரு நிபந்தனை. இன்றுவரை அப்படித்தான் ஓட்டுகிறேன். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் இன்று லாரி டிரைவர். நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

அருளின் கண் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் வண்டி எடுத்த முதல் நாள் அவர் துணைக்கு வருகிறேன் என்று தானாகவே கிளம்பினார். பழக்கத்தில் வலது பக்கம் டிரைவர் கதவுக்குப் போய்க் கையை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைப் போட்டேன்.

"ஜெபம் பண்ணாமலா எடுப்ப?" என்றார்.

"நீங்க பண்ணுங்க" என்றேன். சும்மாதான் சொன்னேன். மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, வண்டி நல்லா இருக்கு. ஓட்டறவளும் நல்லா ஓட்டறா. எனக்கு இந்தப் பக்கம் உக்காரக் கத்துக்குடும்" என்றார். நான் ஆமென் சொல்லி வண்டியை எடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்கும் ஏதாவது ஒன்று பதிலில்லாமல் நிற்கலாம். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், புரியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்கும்போது எங்கள் அருளுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் உட்கார அவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.